காலித் தோட்டாவுக்கு ஏன் இவ்வளவு பயம்?



அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயா, இங்கே சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளை வீட்டிலேயே வெட்டி, அளவு மாற்றி, மறுபடி மருந்து நிரப்புகிறார்கள். நம் நாட்டில் ஏன் இது இல்லை?" நல்ல கேள்வி. பதில் வரலாற்றில் இருக்கிறது.

நம் மண்ணிலிருந்தே தொடங்குவோம். 1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஹைதர் அலி, நிஜாம் கூட்டுப் படைக்கும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படைக்கும் போர் நடந்தது. அன்று தோட்டா என்பது காகிதச் சுருள். உள்ளே கருமருந்தும் ஈயக் குண்டும் இருக்கும். சிப்பாய் அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, குழலின் வாய் வழியே கொட்டி இடிப்பான். சுட்டபின் எடுத்து வைக்க எதுவும் மிஞ்சாது. 1857-இல் கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு தோட்டா என்ன செய்தது என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள்.

1860-களில் பித்தளைக் கூடு வந்தது. 100 பங்கில் 70 செம்பு, 30 துத்தநாகம் என்பது தோட்டாப் பித்தளையின் கணக்கு. மருந்து வெடிக்கும்போது கூடு விரிந்து அறையை அடைத்துக்கொள்ளும். வாயு பின்னால் கசியாது. உடனே சற்றுச் சுருங்கும். எளிதாக வெளியே எடுக்கலாம். சுட்ட பிறகும் கூடு மிஞ்சியது. கதையே இங்கேதான் திரும்புகிறது.

சுடச்சுட, கூட்டின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக நீளும். நீண்ட கழுத்து அறையில் முட்டிக் குண்டை இறுக்கினால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அதனால்தான் அளந்து வெட்டுகிறார்கள். திரும்பத் திரும்ப வளைந்து நெளிந்த பித்தளை விறைத்து வெடிப்பு விடும். சூடு காட்டினால் இளகும். நம் ஊர்ப் பாத்திரம் தட்டுகிறவர்களுக்கு இது பரம்பரைப் பாடம்.

அளவு மாற்றும் வேலையை ராணுவமும் செய்தது. 1871-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் தோட்டாவுக்கு .577/450 என்று பெயர். பழைய ஸ்னைடர் துப்பாக்கியின் .577 அங்குலக் கூட்டின் வாயை .450 ஆகக் குறுக்கியது அது. பெயரிலேயே அதன் பூர்வீகம் இருக்கிறது பாருங்கள்.

1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் ஆயுதம் வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. அதுவும் போதவில்லை. கைமாறிப் போன மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் மக்களிடம் இருந்தன. வெள்ளைக்காரர் யானை, காட்டெருமை வேட்டைக்கு வைத்திருந்த .450 தோட்டாவின் குண்டைப் பிடுங்கி, அந்தப் பழைய கூடுகளில் நிரப்பிவிட்டால்? இந்த அச்சத்தில் 1907-இல் .450 அளவை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதித்தார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சளைக்கவில்லை. .500 கூட்டின் கழுத்தைக் குறுக்கி .465, .470 என்று புது அளவுகள் செய்து விற்றன. வேட்டைக்காரரின் பொழுதுபோக்கு நிற்கவில்லை. சந்தேகம் மட்டும் நம் மக்கள் மேலேயே நின்றது.

அகிம்சையைப் போதித்த காந்தியடிகள், 1930-இல் இர்வின் பிரபு முன் வைத்த 11 கோரிக்கைகளில் ஒன்று தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம். பலர் இதைக் கவனிப்பதில்லை. துப்பாக்கி மேல் ஆசையாலா கேட்டார்? ஒரு சமூகம் முழுவதையும் நம்பத் தகாதவர்கள் என்று எழுதிவைத்த அவமானத்தைத்தான் அவர் எதிர்த்தார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பின் 1959-இல் நம் நாடாளுமன்றமே புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. வெள்ளையர், இந்தியர் என்ற பேதம் போனது, கட்டுப்பாடு இருந்தது. இன்றும் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். என்.சி.சி.யில் சுட்டவர்களுக்கு நினைவிருக்கும்: சுட்டு முடிந்ததும் காலிக் கூடுகளைப் பொறுக்கி, எண்ணி, கணக்கு ஒப்படைக்காமல் யாரும் நகர முடியாது.

ஆக, தம்பி, கைத்திறன் இல்லாததால் இங்கே இது இல்லாமல் போகவில்லை. கட்டுப்பாடு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்று நம்மைக் கேட்காமல் நம் மேல் போட்டார்கள். இன்று நாம் தேர்ந்தெடுத்தவர்கள் போட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றால் வாக்குச் சீட்டால் மாற்றலாம். கட்டுப்பாடு இருப்பதே நல்லது என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், பேசுவோம்.