தோட்டக்காரர் என்று நினைத்தாள்

யோவான் நற்செய்தி 20:11–18

11. கல்லறைக்கு வெளியே நின்று மகதலா மரியா அழுகிறாள். விடியுமுன் இருட்டோடு வந்தவள். அந்த நேரம் எப்படிப்பட்டது என்று கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் பால்வெட்டுக் காலத்தில் இருட்டோடு எழுந்து, பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போன பெண்களின் பிள்ளைகள் அவர்கள்.

13. இயேசுவின் உடலை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், எங்கே வைத்தார்களோ தெரியவில்லை என்கிறாள். இதை நம்பிக்கைக் குறைவு என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானியர் ஆட்சியில், 1942–43இல், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர். காலராவிலும் பசியிலும் காட்டில் விழுந்தவர்களில் எத்தனையோ பேருக்குப் பெயர் பொறித்த கல்லறை கிடையாது. தோட்டத்து லயக் குடியிருப்பில் காத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது மரியாவின் இதே புலம்பல்தான். எங்கே வைத்தார்களோ!

இயேசு அந்த அழுகையைக் கண்டிக்கவில்லை. யாரைத் தேடுகிறாய் என்று கேட்கிறார். ஆன்மா எங்கோ நலமாக இருக்கிறது என்னும் ஆறுதலோடு உயிர்ப்பு நின்றுவிடுவதில்லை. அடக்கம் செய்த உடலே எழுந்தது, காயத் தழும்போடு எழுந்தது. சயாம் காட்டில் நமக்குத் தொலைந்த உடலும் கடவுளுக்குத் தொலைந்துவிடவில்லை என்று நாம் நம்புவது இதனால்தான்.

14–15. திரும்பிப் பார்க்கிறாள். நிற்பவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள்.

மலேசியத் தமிழில் தோட்டம் என்றால் பூந்தோட்டம் அல்ல, எஸ்டேட். 'தோட்டத்து ஆள்' என்று பட்டணத்தில் இளக்காரமாகச் சொல்லக் கேட்டவர்கள் இந்த வசனத்தில் சற்று நிற்க வேண்டும். சாவை வென்றவர் முதல் பார்வைக்குத் தோட்டத்து ஆளாகத்தான் தெரிந்தார்! திருத்தந்தை பெரிய கிரகோரியார் 6ஆம் நூற்றாண்டிலேயே மரியாவுக்குப் பரிந்து பேசினார்: அவள் நெஞ்சில் அன்பை விதைத்தவர் அவர்தானே, அப்படியிருக்க அவள் நினைத்தது எப்படித் தவறாகும் என்று.

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானது கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான், தென்னமரம் தோட்டத்தில். அதை நட்டவர் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே என்று நூல்கள் சொல்லும். குழி வெட்டிக் கன்று வைத்த கைகளுக்குக் கூலிப் பதிவேடான செக்ரோலில்தான் பெயர்.

16. இயேசு அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவ்வளவுதான்.

பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டது அன்றைய கூலிக்கணக்குக்காக. தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதிய பெயர் ஒன்று, லயத்தில் அம்மா கூப்பிட்ட பெயர் வேறொன்று. பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் இந்த இடத்தில் 'மரியாம்' என்று இருக்கிறது. அது அவள் வீட்டு மொழியின் ஒலி, அம்மா கூப்பிட்ட பெயர். முகத்தைப் பார்த்தும் தெரியாதவரை அந்தக் குரலில் கண்டுகொண்டு, அதே மொழியில் 'ரபூனி' (போதகரே) என்கிறாள்.

17. என்னைப் பற்றிக்கொண்டு நில்லாதே, போ என்கிறார். யாரிடம்? 'என் சகோதரர்' என்கிறார். கைதான இரவில் விட்டு ஓடியவர்களை இந்த நற்செய்தியில் அவர் இப்போதுதான் சகோதரர் என்கிறார். தம் தந்தை அவர்களுக்கும் தந்தை என்று சொல்லியனுப்புகிறார்.

18. மரியா போய்ச் சொல்கிறாள். திருத்தூதர்களுக்கே தூதுபோனவள் என்பதால் அவளுடைய ஜூலை 22 நினைவு நாளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் திருத்தூதர் விழாக்களின் தரத்துக்கு உயர்த்தினார். அன்று மாலை சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அதற்கு முன்பே அவள் செய்தியைச் சொல்லி முடித்திருந்தாள்.