வாவிக் கரையின் எதிர்ப்பு வாக்கு

ஜனாதிபதித் தேர்தல் ஒவ்வொன்றின் போதும் ஈழத் தமிழ் அரசியலில் ஒரே விவாதம் மூன்று கேள்விகளாக எழுகிறது. தேர்தலைப் பகிஷ்கரிப்பதா? நமக்கென ஒரு வேட்பாளரை நிறுத்துவதா? அல்லது, நாம் வெறுக்கும் ஜனாதிபதியை வீழ்த்தக்கூடிய சிங்களத் தலைவர் ஒருவருக்கு, அவரையும் பெரிதாக நம்பாமலே, வாக்களிப்பதா? நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மூன்றையும் சுற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இதைப்பற்றி எழுதப்பட்டவையெல்லாம் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. தேர்தல் திணைக்களத்தின் புள்ளிவிபரங்களில் மட்டக்களப்பு மாவட்டத்துக்குரிய வரியை மட்டும் தனியே எடுத்துத் தேர்தல்வாரியாக அடுக்கிப் பார்த்தபோது எனக்கு வேறொரு வரலாறு தெரிந்தது. தலைவர்கள் எப்படி எதிர்ப்பது என்று வாதிட்டுக்கொண்டிருக்க, அந்த மாவட்டத்து மக்கள் தம் பாட்டில் ஒரு விடையை எழுதி வந்திருக்கிறார்கள்.

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த வாசகர்களுக்காக இடத்தைப் பற்றி ஒரு சொல். மட்டக்களப்பு வாவி மாவட்டத்தை இரண்டு கரைகளாகப் பிரிக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நீண்ட நிலத்துண்டு எழுவான்கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் அங்கேதான். வாவிக்கு மேற்கே, சூரியன் படும் திசையில், வயலும் காடும் குளமுமாக விரிவது படுவான்கரை. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். ஆகவே இங்கே நான் தரும் எண்கள் தமிழரின் வாக்குகள் மட்டும் என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலாவது தேர்தல் 1982 ஒக்டோபர் 20இல் நடந்தது. அதையே விரிவாகப் பார்க்க வேண்டும். பிற்காலத்து விவாதங்கள் எல்லாவற்றுக்கும் வித்து அதில்தான் கிடக்கிறது.

அந்த ஆண்டில் நாடாளுமன்றத்தின் பிரதான எதிர்க்கட்சி தமிழர் விடுதலைக் கூட்டணி. 1977இல் பதினெட்டு ஆசனங்களை வென்றிருந்தது. அதன் செயலாளர் நாயகம் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், 1981இல் யாழ்ப்பாண நூலக எரிப்பு ஆகியவற்றுக்குப் பிறகு ஜே. ஆர். ஜயவர்த்தனாவைத் தமிழர் எவ்வளவு வெறுத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. தமக்குச் சாதகமான வேளையில் தேர்தலை நடத்துவதற்காக, நான்கு ஆண்டுகள் முடிந்ததும் ஜனாதிபதி மறுதேர்வு கோரலாம் என்று அவர் அரசியலமைப்பைத் திருத்தியிருந்தார். பலம் வாய்ந்த போட்டியாளரான சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமை 1980 ஒக்டோபரிலேயே பறிக்கப்பட்டுவிட்டது. அவர் போட்டியிட முடியாது. சுதந்திரக் கட்சி தன் வேட்பாளராக ஹெக்டர் கொப்பேகடுவவை நிறுத்தியது. கட்சித் தலைவர்கள் சிலர் அவருக்காக உழைக்க மனமின்றி ஒதுங்கி நின்றார்கள்.

நாட்டின் எதிர்க்கட்சித் தலைவர் என்ன செய்தார்? வேட்பாளரை நிறுத்தவில்லை, எவருக்கும் ஆதரவும் சொல்லவில்லை. தனிநாட்டுக்கு ஆணை பெற்ற கட்சி, தான் ஏற்றுக்கொள்ளாத 1978 அரசியலமைப்பின் கீழ் ஒரு ஜனாதிபதியைத் தெரிவுசெய்வது முரண் என்பது வாதம். வாதத்தில் தர்க்கம் உண்டு. ஆனால் அதே அரசின் மாவட்ட அபிவிருத்திச் சபைகளை 1981இல் ஏற்றுப் போட்டியிட்ட கட்சியின் வாயிலிருந்து வந்தபோது அது வலுவிழந்து போயிற்று. அந்த வெற்றிடத்தில்தான் கூட்டணியிலிருந்து விலகித் தமிழ்க் காங்கிரசை நடத்திக்கொண்டிருந்த குமார் பொன்னம்பலம் களத்தில் இறங்கினார். தமிழர் வாக்கைச் சிதறடித்து ஜே. ஆருக்கு உதவவே அவர் போட்டியிடுகிறார் என்று கூட்டணிக்காரர் குற்றஞ்சாட்டினர். மௌனத்தால் ஜே. ஆருக்கு உதவுவது யார் என்று காங்கிரஸ்காரர் திருப்பிக் கேட்டனர்.

முடிவைப் பாருங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்காளரில் பாதிக்கும் குறைவானவர்களே வாக்களித்தார்கள். குமார் 87,263, கொப்பேகடுவ 77,300, ஜே. ஆர். 44,780. மட்டக்களப்பிலோ பத்துப் பேரில் ஏழு பேர் வாக்களித்தார்கள். ஜே. ஆர். 48,094, குமார் 47,095, கொப்பேகடுவ 21,688. ஜனாதிபதிக்கும் தமிழ் வேட்பாளருக்கும் இடையே ஆயிரம் வாக்கு வித்தியாசமும் இல்லை. காங்கிரசுக்கு மட்டக்களப்பில் சொல்லிக்கொள்ளும்படியான வேர் என்றும் இருந்ததில்லை. கொழும்பிலே தொழில் செய்த ஒரு யாழ்ப்பாணத்து வழக்கறிஞர், நாடெங்கும் தாம் பெற்ற 173,934 வாக்குகளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு மாவட்டத்திலிருந்து பெற்றார்.

ஏன்? என் கணிப்பில் இரண்டு காரணங்கள். ஒன்று, செல்லையா இராசதுரை. 1956 முதல் தமிழரசுக் கட்சியின் குரலாக மட்டக்களப்பைப் பிரதிநிதித்துவம் செய்தவர், 1977இல் கூட்டணியின் சார்பில் வென்றவர், 1979இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குத் தாவி அமைச்சரானார். 1977இல் அவரை எதிர்த்துக் காசி ஆனந்தனைத் தமிழரசுச் சின்னத்தில் நிற்கவிட்ட தலைமைமீது அவருக்கு இருந்த கசப்பையும், 1978 நவம்பர்ப் புயலில் சிதைந்து கிடந்த மாவட்டத்துக்கு அரசின் கை தேவைப்பட்டதையும் மறுக்க முடியாது. இருந்தும் தாவல் தாவல்தான். அவரும் கல்குடாவின் கே. டபிள்யூ. தேவநாயகமும் ஆக இரண்டு அமைச்சர்கள் ஜே. ஆருக்காக நின்றபோது, அதற்கு மறுமொழி சொல்ல ஒரு பெயர் வாக்குச்சீட்டில் இருந்தது. மக்கள் அதற்குப் புள்ளடியிட்டார்கள்.

மற்றக் காரணம் நெல். கொப்பேகடுவ முன்பு விவசாய அமைச்சராக இருந்தவர். 1970 முதல் 1977 வரையான இறக்குமதித் தடையினால் யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் கையிலே காசு புரண்டது. அந்த நன்றி 1982இல் வாக்காக விழுந்தது. படுவான்கரை நெல் விவசாயிக்கு அக்காலம் வேறுவிதமாக நினைவிருந்தது. நெல்லைச் சந்தைப்படுத்தும் சபைக்கே விற்க வேண்டும். அரிசியை விரும்பிய இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. வீதித் தடைகளில் பையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். ஜே. ஆரை வீழ்த்துவதற்காக அவர்கள் அதையெல்லாம் மறக்கத் தயாராக இருக்கவில்லை.

இரண்டே மாதத்தில், டிசம்பர் 22இல், நாடாளுமன்றத்தின் ஆயுளை நீடிப்பதற்கான சர்வஜன வாக்கெடுப்பு வந்தது. விளக்குச் சின்னம் ஆம், குடம் இல்லை. இம்முறை வேட்பாளர் பிரச்சினை கிடையாது. கூட்டணியும் எதிர்த்தது, சுதந்திரக் கட்சியும் எதிர்த்தது. மட்டக்களப்பில் நூற்றுக்கு அறுபது பேர் குடத்துக்கு வாக்களித்தார்கள். ஜே. ஆருக்கு ஒக்டோபரில் கிடைத்த நாற்பது சதவீதம் டிசம்பரிலும் ஏறக்குறைய அப்படியே நின்றது. சிதறிக் கிடந்த மறுபக்கம் மட்டும் ஒன்று சேர்ந்தது. நாடளாவிய முடிவு ஏறத்தாழ ஐம்பத்தைந்து சதவீதத்தால் அரசுக்குச் சாதகமாகிவிட்டதால் இந்த எண் எவருடைய கண்ணிலும் படவில்லை.

1988இல் இந்திய அமைதிப் படையின் நிழலில் நடந்த தேர்தலை இங்கே கணக்கில் எடுப்பது பொருத்தமில்லை. 1994இல் பதினேழு ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு எதிராகச் சந்திரிகாவுக்கு மாவட்டம் எண்பத்தேழு சதவீதத்தை அள்ளிக் கொடுத்தது. ஐந்தே ஆண்டில், 'சமாதானத்துக்கான போர்' என்ற சொல்லின் பொருளைப் பட்டறிந்தபின், 1999இல் அறுபது சதவீதத்துக்கு மேல் ரணிலுக்குப் போயிற்று. ஆட்சியிலுள்ளவருக்கு எதிராக மாவட்டம் சாய்வதை இதிலிருந்தே காணலாம்.

2005 நவம்பர் 17. தமிழ் மக்களுக்கு இத்தேர்தலில் அக்கறையில்லை என்று விடுதலைப் புலிகளும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அறிவித்தார்கள். அறிவிப்பு அளவில் அது அக்கறையின்மை. களத்தில் அது தடை. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு ஒருவரளவிலேயே வாக்களித்தனர். மட்டக்களப்பில் புலிகள் முந்திய ஆண்டுதான் பிளவுபட்டிருந்தார்கள். படுவான்கரையின் பெரும்பகுதி இன்னும் வன்னித் தலைமையின் கட்டுப்பாட்டிலே இருந்தது. அப்படியிருந்தும் மாவட்டத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாக்களித்தார்கள். அதில் 121,514 ரணிலுக்கு. அண்ணளவாக எண்பது சதவீதம். மகிந்த ராஜபக்ஷ நாடு முழுவதிலும் 180,786 வாக்குகளால் வென்றார். வாக்களிக்க விடப்படாத யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் மட்டக்களப்பின் மறுபாதியையும் வைத்து ஒவ்வொருவரும் தாமே கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். பகிஷ்கரிப்பை இராஜதந்திரம் என்று இன்றும் விளக்குபவர்களோடு நான் வாதிடுவதை விட்டுப் பல காலம்.

பிறகு 2010. போர் முடிந்து எட்டே மாதம். போரை நடத்திய ஜனாதிபதிக்கு எதிராகப் போரை நடத்திய இராணுவத் தளபதி. கூட்டமைப்புக்குள் நடந்த விவாதம் கசப்பானது. அதன் நாடாளுமன்ற உறுப்பினர் எம். கே. சிவாஜிலிங்கம் தாமே சுயேச்சையாகக் களமிறங்கினார். இரா. சம்பந்தன் சரத் பொன்சேகாவை ஆதரிக்கும் முடிவை ஜனவரி முற்பகுதியில் பகிரங்கமாக அறிவித்தார். அடுத்த நாளிலிருந்தே, பொன்சேகா கூட்டமைப்போடு இரகசிய உடன்படிக்கை செய்துவிட்டார் என்ற பிரசாரம் தெற்கெங்கும் பறந்தது. செய்தி மேசையில் இருந்தபடி அந்த மூன்று வாரங்களையும் பார்த்தவன் நான். தமிழரின் ஆதரவு வேட்பாளருக்கு வாக்கைத் தந்த அதே கணத்தில் வாக்கைப் பறிக்கவும் செய்தது.

மட்டக்களப்பில் அப்போது மகிந்தவுக்காக நின்றவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பிள்ளையான் மாகாண முதலமைச்சர். கருணா அமைச்சரும் சுதந்திரக் கட்சியின் உபதலைவரும். வீதியும் வேலையும் நிவாரணமும் அவர்கள் வழியாகவே வந்தன. முடிவு: பொன்சேகா 146,057, மகிந்த 55,663. பொன்சேகா நல்லவர் என்று மக்கள் நம்பினார்கள் என நான் நினைக்கவில்லை. எதிரே இருந்தவரைப் பற்றி ஒரு தீர்ப்பைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த கருவி அதுதான்.

2015க்கு வரும்போது சம்பந்தன் பாடம் படித்திருந்தார். 2014 நவம்பர் 21இல் மைத்திரிபால சிறிசேன அரசிலிருந்து வெளியேறிப் பொது வேட்பாளரானார். கூட்டமைப்பு வாய் திறக்கவில்லை. ஐந்து வாரங்களுக்கு மேலான மௌனத்துக்குப் பிறகு, தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கையில், டிசம்பர் 30இல் ஆதரவை அறிவித்தது. அதற்கு இரண்டு நாள் முந்தித்தான் முஸ்லிம் காங்கிரஸ் அரசைவிட்டு வெளியேறியது. மேடைக்கு மேடை கூச்சலிடுவதே பிரசாரம் என்று நம்புகிறவர்களுக்கு இது விளங்காது. 1982இன் மௌனம் மக்களைக் கைவிட்ட மௌனம். 2014இன் மௌனம் மக்கள் என்ன செய்வார்கள் என்று அறிந்து காத்த மௌனம்.

அந்த ஆண்டு ஏப்ரலில்தான் மகிந்த மண்முனைப் பாலத்தைத் திறந்து வைத்திருந்தார். தலைமுறை தலைமுறையாகப் 'பாதை' என்று மக்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்த படுவான்கரைக்கு அது சிறிய வரம் அன்று. நோயாளியை இரவில் கொண்டுபோக முடியாத ஊர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். பாலத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஒன்பது மாதம் கழித்து மைத்திரிக்கு 209,422, மகிந்தவுக்கு 41,631. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், வன்னி ஆகிய மூன்று மாவட்டங்களில் மைத்திரி பெற்ற மேலதிக வாக்குகளைக் கூட்டினால் 453,951 வருகிறது. நாடு முழுவதிலும் அவர் வென்றது 449,072ஆல்.

அதிகம் பேசப்படாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1990இன் ஆவணி, புரட்டாதியில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் சிந்திய இரத்தத்துக்குப் பிறகு, இந்த மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஓர் அரசியல் மேடையில் சேர்ந்து நிற்பது அரிது. 2015இலும் அவர்கள் சேர்ந்து நிற்கவில்லை. ஆனால் ஒரே பெயருக்கு வாக்களித்தார்கள். அடுத்த சில வாரங்களில் கிழக்கு மாகாண சபையில் முஸ்லிம் காங்கிரஸ் முதலமைச்சரின் கீழ் கூட்டமைப்பு அமைச்சுப் பொறுப்பேற்றதற்கு அந்த வாக்கும் ஒரு காரணம்.

2024இல் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்த பலர் இரண்டாவதுக்குத் திரும்பினார்கள். ஓகஸ்ட் மாதத்தில் தமிழ்ப் பொது வேட்பாளராக அறிவிக்கப்பட்டவர் மட்டக்களப்பின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன், சின்னம் சங்கு. செப்டெம்பர் முதலாந் திகதி வவுனியாவில் கூடிய தமிழரசுக் கட்சி மத்திய குழு, தன் சொந்த உறுப்பினரான அவரை விலகச் சொல்லிவிட்டு, சஜித் பிரேமதாசவை ஆதரிக்கத் தீர்மானித்தது. சி. சிறீதரன் சங்கின் பக்கம், எம். ஏ. சுமந்திரனும் மட்டக்களப்பின் இரா. சாணக்கியனும் சஜித்தின் பக்கம். பதவியிலிருந்த ரணிலுக்குப் பிள்ளையான் போன்றோர் துணை நின்றார்கள்.

சங்குக்கு யாழ்ப்பாணத்தில் 116,688 வாக்குகள், ஏறக்குறைய மூன்றில் ஒன்று. வேட்பாளரின் சொந்த மாவட்டமான மட்டக்களப்பில் 36,905. பதியப்பட்ட வாக்காளர் ஒன்றே முக்கால் இலட்சத்தையும் எட்டாத 1982இல் ஓர் அந்நியருக்கு 47,095 கொடுத்த மாவட்டம், நாலரை இலட்சம் வாக்காளர் இருக்கையில் மண்ணின் மைந்தருக்குக் கொடுத்தது இவ்வளவுதான். சஜித்துக்கு 139,110, ரணிலுக்கு 91,132. ரணில் வெறுக்கப்பட்டவர் என்ற கணக்கு தெற்கில் சரியாக இருந்திருக்கலாம். எரிபொருள் வரிசையை நினைத்த வாவிக் கரையில் அது பாதிதான் சரி. வீழ்த்தியே ஆக வேண்டியவர் எவரும் அந்த வாக்குச்சீட்டில் இல்லை.

மட்டக்களப்பு தமிழ்த் தேசியத்தைக் கைவிட்டுவிட்டது என்று மறுநாளே கட்டுரைகள் வந்தன. எட்டு வாரம் கழியவில்லை. நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி, யாழ்ப்பாணம் உட்பட, இருபத்திரண்டு மாவட்டங்களில் இருபத்தொன்றில் முதலாவதாக வந்தது. வராத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. அங்கே ஐந்து ஆசனங்களில் மூன்று தமிழரசுக் கட்சிக்கு.