தொலைவிலிருந்து வந்த பாடம்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றுக்கு அஞ்சித் தமிழகப் பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டன. இடையே சில வாரங்கள் மேல்வகுப்புகள் மட்டும் திறந்து மீண்டும் மூடின. ஒன்று முதல் எட்டு வரை பயின்ற சிறார் வகுப்பறைக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1ஆம் நாளில்தான். ஏறத்தாழப் பத்தொன்பது மாதங்கள்! அவ்வாண்டு முதல் வகுப்பில் பெயர் பதித்த குழந்தை, பள்ளி வாசலை மிதிக்காமலே இரண்டாம் வகுப்பிற்கு உயர்த்தப்பட்டது.

அரசு வாளாவிருந்தது என்று நாம் குறை கூறுவதற்கில்லை. 2019 ஆகஸ்டில் தோன்றிய கல்வித் தொலைக்காட்சி, வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பிற்று. விலையில்லாப் பாடநூல்கள் வழங்கப்பட்டன. நூலில் அச்சிட்டிருந்த கட்டக் குறியை அலைபேசியில் காட்டினால் பாடம் படமாய் விரிந்தது. சத்துணவிற்கு மாற்றாக அரிசியும் பருப்பும்கூட வீட்டிற்கு வந்தன.

எனினும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகளின் வாழ்க்கையை அறிந்தோர்க்கு இதிலுள்ள இடர்ப்பாடு எளிதில் விளங்கும். நூற்பாலையையும், சத்திரப்பட்டி வட்டாரத்தின் மருத்துவத்துணித் தறிகளையும் நம்பி வாழும் குடும்பங்கள் இங்கு மிகுதி. வீட்டிலிருப்பது ஒரே அலைபேசி எனில், அது தந்தையின் சட்டைப்பையில் ஆலைக்குச் சென்றுவிடும். அவர் ‘ஷிப்டு’ முடித்துத் திரும்பும்போது பிள்ளை உறங்கியிருக்கும். தொலைக்காட்சியோ எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பேசுமேயன்றி, புரியாமல் விழிக்கும் முகத்தைக் காணாது.

இவ்வினா உலகிற்குப் புதிதன்று. 1937 செப்டம்பரில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது பள்ளிகள் திறக்கப்படவில்லை. வானொலி நிலையங்கள் நேரம் ஒதுக்கிப் பாடங்களை ஒலிபரப்பின. நாளிதழ்கள் அன்றன்றைய பயிற்சிகளை அச்சிட்டன. பெற்றோர் ஐயம் கேட்கத் தொலைபேசி வசதியும் செய்யப்பட்டது. ஆனால் வானொலிப் பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கும் பாடமில்லை.

நம் சிந்தனையை மேலும் ஈர்ப்பது மற்றொரு நிகழ்ச்சி. 1947இல் கொலம்பியா நாட்டின் சுத்ததென்சா என்னும் மலையூருக்கு வந்த இளங்குரு ஹோசே ஹோவாக்கின் சால்செதோ, எழுத்தறியா உழவர்க்குச் சிறு வானொலி நிலையம் ஒன்றின் வழியே கற்பிக்கத் தொடங்கினார். அவர் குரலை மட்டும் நம்பவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. அண்டை வீட்டார் ஒரு பெட்டியைச் சுற்றி அமர்வர்; அவர்களுள் சிறிது எழுத்தறிந்த ஒருவர், வானொலி சொல்வதைப் பலகையில் எழுதிக்காட்டி, பிறர் கையைப் பிடித்து எழுதுவிப்பார். கற்றுத்தந்தது வானொலியா, பக்கத்தில் அமர்ந்தவரா? இருவருமே எனலாம், எனினும் பின்னவர் இன்றேல் முன்னது வெறும் ஓசையாகியிருக்கும்.

தமிழகம் இதனை உணரச் சற்றுக் காலம் பிடித்தது. 2021 அக்டோபர் 27ஆம் நாள், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பெற்றது. மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை, தெருவிலோ திண்ணையிலோ, ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்பது ஏற்பாடு. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அத்தொகைக்காக மட்டும் எவரும் நாள்தோறும் இருபது பிள்ளைகளை அடக்கி உட்காரவைத்திருக்க மாட்டார் என்பது நம் துணிபு. முன்வந்தோருள் பெண்களே மிகுதி. இப்பகுதித் தெருக்களிலும், அலைபேசி எட்டாத பிள்ளைக்குப் பக்கத்து வீட்டு அக்காளின் குரல் எட்டியது.

இழந்தது முழுவதும் மீளவில்லை. முதலிரு வகுப்புகளின் பெரும்பகுதியை வீட்டிலேயே கழித்த பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் அமர்ந்தபோது, ஆசிரியர்கள் அகரத்திலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. 2022 ஜூன் 13ஆம் நாள், ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கென ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது அதன் பொருட்டே.