கறுப்பு மணலும் மைனஸ் 1.63உம்

மத்தியான வெயிலில் இலங்கையின் புல்மோட்டைக் கடற்கரை மணல் காலைப் பொசுக்கும். அந்தக் கறுப்பு, இல்மனைற்: இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு பிணைந்த கனியம். 1957இல் இதற்கென்றே கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைந்தது. மணல் கப்பலேறியது; உலோகம் வேறு நாடுகளில் பிறந்தது.

ஏனென்று நியம தாழ்த்தல் அழுத்தத்தைக் காட்டித்தான் வகுப்பில் விளக்குவேன். இரும்பு அயனுக்கு −0.44 வோல்ட், தைத்தேனியத்துக்கு −1.63. மறை எண் பெருகப் பெருக இலத்திரனை ஏற்கும் ஆசை குறையும், ஒட்சியேற்றும் வலுவும் குறையும். இரும்பைக் கரியே மீட்டுவிடும். தைத்தேனியமோ கரியோடு சேர்ந்து காபைட்டாகிவிடும். அதனால் அதைக் குளோரைட்டாக்கி, 1910இல் உலோகவியலாளர் ஹண்டர் சோடியத்தையும் (−2.71) 1940 அளவில் இன்னொரு உலோகவியலாளர் குரோல் மக்னீசியத்தையும் (−2.37) ஏவினார்கள். இவை 25 பாகை நீர்க்கரைசலின் எண்கள். உலைக்கு அப்படியே பொருந்தா, திசையை மட்டும் காட்டும். குரோலின் முறையே இன்றும் உலகெங்கும் நடக்கிறது. புல்மோட்டையில் அப்படியொரு ஆலை இல்லை.