ஃபண்டி விரிகுடா ஓதங்கள்

ஃபண்டி விரிகுடா என்பது கனடாவின் நியூ பிரன்சுவிக், நோவா ஸ்கோசியா ஆகிய மாகாணங்களுக்கு இடையே அமைந்துள்ள அட்லாண்டிக் பெருங்கடலின் ஒரு பகுதியாகும். உலகின் மிக உயரமான ஓதங்கள் இங்கு ஏற்படுகின்றன. விரிகுடாவின் தலைப்பகுதியான மினாசு படுகையில் உயர் ஓதத்திற்கும் தாழ் ஓதத்திற்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு சில நாட்களில் 16 மீட்டரை எட்டுகிறது. இது ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரமாகும். கியூபெக்கின் உங்காவா விரிகுடா இதற்கு ஏறக்குறைய இணையானது.

காரணம்

சந்திரனின் ஈர்ப்பு இங்கு மட்டும் கூடுதலாக இல்லை. ஆழ்கடலில் அதே ஈர்ப்பு எழுப்பும் ஓதம் பொதுவாக ஒரு மீட்டருக்கும் குறைவு. வேறுபாடு விரிகுடாவின் அளவில்தான் உள்ளது. பாதி நிரம்பிய அண்டாவைத் தூக்கிச் செல்லும்போது, நடையின் வேகமும் நீரின் ஆட்டமும் ஒன்றிவிட்டால் நீர் விளிம்பைத் தாண்டித் தளும்பும். ஃபண்டியும் அதனையொட்டிய மேய்ன் வளைகுடாவும் சேர்ந்த நீர்ப்பரப்பு ஒருமுறை முன்னும் பின்னும் ஆட ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகிறது. பெருங்கடலின் ஓதமோ 12 மணி 25 நிமிடங்களுக்கு ஒருமுறை வந்து தள்ளுகிறது. இவ்விரண்டும் நெருங்கியிருப்பதால் ஒத்ததிர்வு உண்டாகிறது. உள்ளே செல்லச் செல்ல விரிகுடா குறுகி ஆழம் குறைவதும் நீர்மட்டத்தை மேலும் உயர்த்துகிறது.

திரும்பிப் பாயும் ஆறுகள்

செயின்ட் ஜான் ஆறு கடலில் கலக்கும் குறுகிய பாறை இடுக்கில், தாழ் ஓதத்தின்போது ஆற்றுநீர் கடலை நோக்கி இரைந்து பாய்கிறது. உயர் ஓதத்தின்போது கடல்மட்டம் ஆற்றைவிட உயர்ந்துவிடுவதால் ஓட்டம் எதிர்த்திசைக்கு மாறுகிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட சிறு அமைதி நேரத்தில்தான் படகுகள் கடக்க முடியும்.

பெட்டிகோடியாக் ஆற்றில் ஓதம் ஒரே அலையாக எழுந்து ஆற்றின் மேல்நோக்கி விரைகிறது. 1968 ஆம் ஆண்டில் மாங்டன் நகருக்கருகே ஆற்றின் குறுக்கே மதகுகளுடன் கட்டப்பட்ட தரைப்பாதை இந்த அலையைச் சிறுக்க வைத்தது. வண்டல் படிந்து ஆறு குறுகியது. மீன்களின் வலசைப் பாதையும் அடைபட்டது. நெடுங்காலப் போராட்டத்திற்குப் பின் 2010 இல் மதகுகள் திறக்கப்பட்டன. அலை மீண்டும் வலுப்பெற்றது. 2013 இல் அலைச்சறுக்கு வீரர்கள் அதன்மீது 29 கி.மீ. தொலைவு சென்றனர். தரைப்பாதையின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கட்டப்பட்ட பாலம் 2021 இல் திறக்கப்பட்டது.

சாக்சுபி புயல்

பிரித்தானியக் கடற்படை அதிகாரி சாக்சுபி, 1869 அக்டோபர் 5 அன்று மிகை உயர் ஓதமும் புயலும் வரும் என்று 1868 இலேயே இலண்டன் நாளிதழ் ஒன்றில் எழுதினார். அன்று சந்திரன் புவிக்கு மிக அருகில் இருக்கும் என்பது அவரது கணக்கு. எந்த இடம் என்று அவர் கூறவில்லை. அக்டோபர் 4 இரவு ஃபண்டியைப் புயல் தாக்கியது. கடல்நீர் கரைகளைத் தாண்டிச் சென்று வயல்களை மூழ்கடித்தது, கால்நடைகள் மடிந்தன. ஓதம் பற்றிய கணிப்பு வானியல் அடிப்படையில் சரியானதே. புயல் சேர்ந்து வந்தது தற்செயல்.

மின்னுற்பத்தி

அன்னாபொலிசு ராயல் என்னுமிடத்தில் 1984 இல் 20 மெகாவாட் திறன்கொண்ட ஓத மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. சுழலியில் சிக்கி மீன்கள் இறப்பது தொடர்ந்து குறைகூறப்பட்டு வந்தது. 2019 இல் மின்னுற்பத்தி நிறுத்தப்பட்டது.