ஹாலே அநாதைச்சாலை விழாமல் நின்ற கதை

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் அக்கா என்று கேட்டார்கள். நமது சபையின் வரலாற்றை என்னைவிட நன்றாக எழுத மூத்தவர்கள் இருக்கிறார்கள். நான், போன கோடையில் நாம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த ஹாலே நகரத்து வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

1695இல் ஹாலேயை அடுத்த கிளௌகாவில் ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே போதகராக இருந்தார். அவர் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் ஒருநாள் 4 தாலரும் 16 குரோஷனும் கிடந்தன. அந்தக் காசைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1698இல் அநாதைச்சாலைக்கு அடிக்கல் வைத்தார். அதன் முகப்பின் உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள் உண்டு. ஏன் கழுகு? பிள்ளைகளே, ஏசாயா 40:31ஐத் திறந்து பாருங்கள்.

பிறகு அச்சகம், புத்தகசாலை, மருந்துச்சாலை எல்லாம் வந்தன. மருந்து விற்ற பணம் பிள்ளைகளின் பராமரிப்புக்கு உதவியது. 1717 முதல் யோஹான் யுங்கர் என்ற வைத்தியர் மாணவர்களை நோயாளியின் கட்டிலருகே நிறுத்திப் படிப்பித்தார். நானும் இந்த நாட்டில் தாதியர் பயிற்சியை அப்படித்தான், கட்டில் கட்டிலாக நின்று, பாதி விளங்காத ஜேர்மன் மொழியில் படித்தேன்.

நமக்கு இன்னும் நெருங்கிய உறவு உண்டு. 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் ஹாலேயில் படித்தவர். அவருக்காகத் தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்து அனுப்பினார்கள். அவை பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், பின்னர் தரங்கம்பாடிப் பக்கத்திலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

இப்படிப்பட்ட வீடு நம் காலத்திலேயே விழப் பார்த்தது. 1946இல் ஸ்தாபனத்தைச் சட்டப்படி கலைத்துக் கட்டடங்களைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். கிழக்கு ஜேர்மனிக் காலத்தில் முகப்புக்கு முன்னாலேயே தூண்களின் மேல் ஒரு பெரிய வீதி எழும்பியது. பழுதுபார்க்கப் பணமும் இல்லை, பொருளும் இல்லை. படுக்கைப்புண் எப்படி வரும் என்று தாதிமாருக்குத் தெரியும். முதலில் ஒரு சிவப்புத் தடம்தான். யாரும் திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் எலும்புவரை போய்விடும். கட்டடமும் அதைப் போலத்தான். ஓடு ஒன்று நகர்ந்தால் மழைநீர் இறங்கும், உத்திரத்தின் நுனி ஊறும், பூஞ்சணம் பிடிக்கும். அங்குள்ள நீண்ட வீடோ 100 மீட்டருக்கும் மேல் நீளமான மரச்சட்ட வீடு. அதற்குத் தண்ணீரைவிடப் பெரிய எதிரி வேறில்லை.

பெர்லின் மதில் விழுந்த பிறகு, 1990இல் ஒரு நண்பர் வட்டம் சேர்ந்தது. அருகே பிறந்தவரான வெளியுறவு அமைச்சர் கென்ஷர் துணைநின்றார். வொல்ஃபென்பியூட்டல் நூலகத்தை நடத்திவந்த பௌல் ராபே, ஓய்வெடுக்கவேண்டிய 65 வயதில், 1992இல் இயக்குநராக வந்தார். எனக்கு இந்த மனிதரைத்தான் பிடித்தது. 1995இல் அநாதைச்சாலைக் கட்டடம் மறுபடி திறந்தது, 1998இல் பழைய நூலகமும் திறந்தது. ஆவணக்காப்பகத்தில் நமது தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. நமக்காக எழுத்தும் மருந்தும் ஆட்களும் அனுப்பிய வீடு அழிந்துகொண்டிருந்தபோது, நமக்கு அது தெரியாமலே இருந்தது. எனக்கு அது உறுத்துகிறது.

என் ஊர்த் தேவாலயத்தை இடித்து, சீமெந்தில் புதிதாகக் கட்டப் பணம் கேட்டுக் கடிதம் வந்திருந்தது. முதலில் நானும் சரி என்றுதான் சொன்னேன். ஹாலே போய்வந்த பின், யாராவது கூரையில் ஏறிப் பார்த்தீர்களா, சுவர் உறுதியாக இருக்கிறதா, ஓட்டை மட்டும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.