எண்ணினார்கள், பெயரை வைக்கவில்லை

வானூரில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். "வெள்ளைக்காரன் எடுத்த சென்சஸ்ல எங்க முப்பாட்டனார் பேர் இருக்குமாண்ணே?" என்று படித்த பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். நியாயமான ஆசை. லண்டனில் இருப்பவர் 1921ஆம் ஆண்டுக் கணக்கில் தம் பாட்டனார் வீட்டுத் தாளையே பார்க்கலாம். நூறு ஆண்டு கழிந்ததும், 2022 ஜனவரியில், அதைத் திறந்துவிட்டார்கள்.

நம் ஊர்க் கதை வேறு. சென்னை மாகாணத்தில் 1871இல் தலை எண்ணினார்கள். மறுபடி 1881இல் எண்ணியபோது ஜனம் பெருகியிருக்க வேண்டும்; குறைந்திருந்தது. இடையில் வந்தது தாது வருஷப் பஞ்சம். எத்தனை பேர் குறைந்தார்கள் என்று அறிக்கை சொல்லும், யார் யார் என்று சொல்லாது. 1901 கணக்கெடுப்பை நடத்தியவர் டபிள்யூ. பிரான்சிஸ். அவருடைய ஆட்கள் வீடு வீடாக எழுதிய தாளிலிருந்து ஆளுக்கொரு சீட்டு பெயர்த்து, சீட்டுகளை வகைபிரித்து எண்ணினார்கள். எண்ணிக்கை புத்தகமாயிற்று, வீட்டுத் தாள்களைக் காப்பாற்றி வைக்கும் வழக்கம் இல்லை. அந்தத் தாளிலும் பெண்களுக்குப் பாதி இடம்தான். வீட்டுக்காரர் பெயர் சொல்லத் தயங்கினால் 'பெண்' என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்பது கணக்கெடுத்தவருக்கு இருந்த உத்தரவு.

கடல் கடந்து போனவர்களின் பெயர் தங்கியது. 1853இல் புதுச்சேரியிலிருந்து மார்த்தினிக் தீவுக்குக் கூலியாட்களோடு 'ஒரேலி' கப்பல் போயிற்று. 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போனது 'ட்ரூரோ'. நேட்டால் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர் எல்லாம் உண்டு. அவர்களின் வாரிசுகள் இன்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஊர் தேடி வருகிறார்கள். ஊரிலேயே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தாள் இல்லை.

அதனால் நான் பத்திரங்களைப் பார்க்கச் சொல்வேன். ஒருமுறை மடிப்பில் விண்டுபோன முத்திரைத் தாள் ஒன்று என்னிடம் வந்தது. 'தென்னாற்காடு ஜில்லா, திண்டிவனம் தாலுகா' என்று ஆரம்பம்; பிறகு எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், இருவரின் தகப்பனார் பெயர், குடியிருக்கும் கிராமம். கொண்டுவந்த குடும்பம் தேடிய பெயர் அங்கே இல்லை. கீழே நான்கெல்லை சொல்லும் செக்குபந்தியில் இருந்தது: 'வடக்கே இன்னார் புஞ்சை' என்ற இடத்தில் அவர்களுடைய முப்பாட்டனார். விற்றவரும் அவரில்லை, வாங்கியவரும் அவரில்லை. பக்கத்து நிலத்துக்காரர் என்பதாலேயே பெயர் நின்றது. எல்லையையும் சாட்சிக் கையெழுத்தையும் படிக்காமல் எந்தப் பழைய பத்திரத்தையும் மூடாதீர்கள்.

மரக்காணத்து அளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர்களின் வம்சத்தைத் தேடுவதுதான் கஷ்டம். 1805இல் கும்பினியார் உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டார்கள். எத்தனை மணங்கு உப்பு, எவ்வளவு வரி என்பது சர்க்காருக்கு முக்கியம். பாத்தி மிதித்தவரின் பெயர் முக்கியமில்லை. அவருக்குப் பட்டா ஏது, பத்திரம் ஏது? யாருடைய கடன் பத்திரத்திலாவது சாட்சியாகக் கைநாட்டு வைத்திருந்தால் உண்டு. இல்லாவிட்டால் கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவேட்டில், பிள்ளை பிறந்த வரியில், தகப்பனாகப் பெயர் இருக்கலாம்.

2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப் போகிறார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் சொல்லும் விவரத்தை வேறு யாரும் பார்க்க முடியாது. ஆளின் அந்தரங்கத்துக்கு அது நல்லதுதான். ஆனால் நம் பேரப்பிள்ளைகளும் அதில் நம்மைத் தேட முடியாது. ஆகவே அன்று அரசுக்குச் சொல்வதை வீட்டு நோட்டிலும் எழுதிவையுங்கள்: எல்லார் பெயர், பிறந்த வருஷம், செய்யும் தொழில், எந்த அளத்தில் வேலை. முதல் வரியில் அம்மாவின் பெயரும் அவர் பிறந்த ஊரும், அடுத்த வரியில் அவருடைய அம்மாவின் பெயரும் இருக்கட்டும். பத்திரங்களில் 'இன்னார் மனைவி' என்றும் கணக்கில் 'பெண்' என்றும் நின்றுபோனவர்களை இனி வீட்டார்தான் பெயர் சொல்லி எழுத வேண்டும்.